புதிதாக வந்த பிள்ளையை ஒன்ராறியோவில் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோவது எப்படி?

கனடாவுக்கு வந்து ஒன்றரை, இரண்டு வருடத்தில் பிள்ளை மளமளவென்று ஆங்கிலம் பேசும். வங்கியில் அம்மாவுக்காகப் பேசும், தம்பியோடு ஆங்கிலத்திலேயே சண்டை பிடிக்கும். வீட்டில் எல்லோருக்கும் "இனிப் பயமில்லை" என்று இருக்கும். பெரும்பாலான குடும்பங்கள் கவனத்தைத் தளர்த்துவது இந்தக் கட்டத்தில்தான். பிள்ளை சத்தமில்லாமல் படிப்பில் பின்தங்கத் தொடங்குவதும் இதே கட்டத்தில்தான்.

ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியியல் பேராசிரியர், ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்து வந்த மாணவர்களின் தரவுகளை ஆராய்ந்து 1981இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பேச்சு ஆங்கிலம் சுமார் 2 ஆண்டுகளில் கைவந்துவிடும். ஆனால் பாடப்புத்தகத்தின் ஆங்கிலத்தில், பரீட்சையில் எழுதும் ஆங்கிலத்தில், இங்கேயே பிறந்த பிள்ளைகளை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள் செல்லும் என்பது அவருடைய முடிவு. பிறகு வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. 12 வயதில் வந்த பிள்ளைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 17 வயதுக்கும் 19 வயதுக்கும் இடையில்தான் அந்த ஆங்கிலம் முழுமையாக வரும். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் வயதும் அதுதான். ஆகவே நடுவில் உள்ள வருடங்களில் எந்தக் கதவும் மூடிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெற்றோரின் முக்கிய வேலை.

ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் இலங்கையிலிருந்து புதிதாக வரும் குடும்பங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். கியூபெக், அல்பேர்ட்டா போன்ற மாகாணங்களில் பள்ளிக்கூட முறை வேறு. ஒன்ராறியோவில் 1 முதல் 8 வரை ஆரம்பப் பள்ளி, 9 முதல் 12 வரை உயர்நிலைப் பள்ளி.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது

ஆரம்பப் பள்ளிக்கு, நீங்கள் குடியிருக்கும் முகவரிக்குரிய பள்ளிக்கூடத்துக்கே நேராகப் போகலாம். பிள்ளையின் வயதைக் காட்டும் பத்திரம், வீட்டு முகவரிக்குச் சான்று, தடுப்பூசி விபரம், குடிவரவுப் பத்திரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை என்றால் ரொறன்ரோ போன்ற பெரிய கல்விச்சபைகளில் (ஒரு பகுதியின் பள்ளிக்கூடங்களை நடத்தும் அமைப்புகள்) புதியவர்களை வரவேற்கும் நிலையம் ஒன்று இருக்கும். முதலில் அங்கே அனுப்பி, ஆங்கிலத்தையும் கணிதத்தையும் சோதித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்தைத் தீர்மானிப்பார்கள்.

அகதிக் கோரிக்கை இன்னும் முடியவில்லை, விசா காலாவதியாகிவிட்டது என்று சொல்லிச் சிலர் பிள்ளையை மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருக்கிறார்கள். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒன்ராறியோக் கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவு, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கோ அதன் பெற்றோருக்கோ கனடாவில் இருக்கச் சட்டபூர்வமான அனுமதி இல்லை என்ற காரணத்துக்காகப் பள்ளிக்கூடம் அந்தப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று சொல்கிறது. அலுவலகத்தில் யாராவது தயங்கினால் இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லி, கல்விச்சபையோடு பேச வேண்டும் என்று கேளுங்கள்.

இலங்கைப் பள்ளிக்கூடத்தின் முன்னேற்ற அறிக்கைகள், சாதாரண தரப் பெறுபேறு, விடுகைப் பத்திரம் எதையும் தூர வீசாதீர்கள். உயர்நிலைப் பள்ளியில் உங்கள் பிள்ளை முன்பு படித்த படிப்புக்கு எத்தனை கிரடிட் (ஒரு பாடத்தை முடித்தால் கிடைக்கும் அலகு) கொடுக்கலாம் என்று முடிவு செய்பவர் அதிபர். அவர் கையில் பத்திரம் இருந்தால்தான் தாராளமாகக் கொடுக்க முடியும். பத்திரம் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் மொழிபெயர்த்து எடுத்துவாருங்கள். பழைய கணிதக் கொப்பி இருந்தால் அதையும் மதிப்பீட்டு நாளில் காட்டலாம். இருபடிச் சமன்பாடு செய்த பிள்ளையைப் பின்னப் பாடத்தில் உட்கார வைப்பதை ஒரு கொப்பி தடுத்துவிடும்.

ஆரம்பப் பள்ளியில் வகுப்பை வயதுதான் தீர்மானிக்கும். அந்த ஆண்டு டிசம்பருக்குள் 6 வயது நிறையும் பிள்ளை செப்டெம்பரில் 1ஆம் வகுப்பு. "ஆங்கிலம் தெரியாது, ஒரு வகுப்பு கீழே போடுங்கள்" என்று கேட்காதீர்கள். சம வயதுப் பிள்ளைகளோடு இருப்பதுதான் மொழிக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது.

இ.எஸ்.எல். என்பது தண்டனை இல்லை

ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கு இங்கே இரண்டு வழிகள் உண்டு. தாய்மொழியில் தடையில்லாமல் படித்து வந்த பிள்ளைக்கு இ.எஸ்.எல்., அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் வகுப்பு. யுத்தம், இடப்பெயர்வு, முகாம், இடைத்தங்கல் நாடுகளில் காத்திருப்பு என்று பள்ளிக்கூடமே இல்லாமல் வருடங்கள் போன பிள்ளைக்கு ஈ.எல்.டி., அதாவது ஆங்கிலத்தோடு எழுத்து, வாசிப்பின் அடிப்படையையும் வளர்க்கும் வகுப்பு. ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே லீப் என்ற சிறப்பு வகுப்புகள் இருக்கின்றன. வாசிப்பையும் கணக்கையும் அடியிலிருந்து கட்டிக்கொடுப்பார்கள்.

படிப்பு இடையில் நின்றுபோன கதையை மறைக்க வேண்டாம் என்று நான் எல்லாக் குடும்பங்களிடமும் சொல்வேன். 2009ஐ ஒட்டிய காலத்தில் வன்னியிலிருந்து வந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் மரத்தடியிலும் கூடாரத்திலும் அரைகுறையாகப் படித்தவர்கள். அது தெரியாத ஆசிரியர், பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதோ என்று நினைத்துவிடலாம். எந்த வருடம் எந்த ஊரில், எத்தனை மாதம் பள்ளிக்கூடம் இல்லாமல் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி, முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு பக்கம், இ.எஸ்.எல்.லில் இருந்து பிள்ளையை அவசரமாக வெளியே எடுக்கச் சொல்லிக் கேட்கும் பெற்றோரும் உண்டு. சொந்தக்காரரின் பிள்ளை ஒரு வருடத்தில் வெளியே வந்துவிட்டதாம்! ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளி முடிக்க 4 ஆங்கில கிரடிட் வேண்டும்; அதில் 3 வரை இ.எஸ்.எல். அல்லது ஈ.எல்.டி. கிரடிட்டாக இருக்கலாம். நாலாவது மட்டும் 12ஆம் வகுப்பு ஆங்கிலமாக இருக்க வேண்டும். ஆகவே அந்த வகுப்பில் இருப்பதால் கிரடிட் வீணாகப் போவதில்லை.

கணக்கில் நல்ல பிள்ளை ஏன் குறைவாக எடுக்கிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கணக்கு: லோகனிடம் 24 மாம்பழங்கள் உள்ளன. அது மீனாவிடம் இருப்பதைவிட 7 குறைவு. மீனாவிடம் எத்தனை? ஆங்கிலம் தடுமாறும் பிள்ளை 24ஐப் பார்க்கும், 7ஐப் பார்க்கும், 'குறைவு' என்ற சொல்லைப் பார்க்கும். கழித்து 17 என்று எழுதும். விடை 31. இதே கணக்கை வீட்டில் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். உடனே 31 என்று சொன்னால் பிள்ளைக்குக் கணக்குத் தெரியும், வசனம்தான் இடறுகிறது. தமிழிலும் 17 என்றால் கணக்கிலேயே உதவி தேவை. கணிதம் என்றவுடன் ரியூஷனுக்குக் காசு கட்டுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். பத்து நிமிடம்தான் ஆகும்.

அடுத்தது, இங்கே விடை சரியாக இருந்தாலும் முழுப் புள்ளி வராது. ஒன்ராறியோ ஆசிரியர் நான்கு விஷயங்களுக்குப் புள்ளி போடுகிறார்: அறிவும் விளக்கமும், சிந்தனை, வெளிப்படுத்தல், பிரயோகம். நம்முடைய பிள்ளைகள் செய்கை வழியை அழகாக எழுதி, விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். ஏன் அந்த வழியைத் தேர்ந்தாய், வேறு வழி இருந்ததா, விடை பொருத்தமானதா என்று எழுதவே மாட்டார்கள். சிந்தனைக்கும் வெளிப்படுத்தலுக்கும் உரிய புள்ளி அங்கேயே போய்விடுகிறது. கணக்கு செய்து முடித்ததும் இரண்டு வசனத்தில் "நான் இப்படிச் செய்தேன், ஏனென்றால்..." என்று எழுதிப் பழக்குங்கள். முதலில் தமிழில் சொல்லட்டும், அப்புறம் ஆங்கிலத்தில் எழுதட்டும்.

விஞ்ஞானம், சரித்திரம், புவியியலுக்கும் இதே வழிதான். ஆசிரியர் அடுத்த வாரம் தொடங்கும் பாடம் என்ன என்று கேட்டு, அதை வீட்டில் தமிழில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒளித்தொகுப்பு என்றால் என்ன என்று தமிழில் விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு, வகுப்பில் புதிதாக இருப்பது சொல் மட்டும்தான். விளங்காத பிள்ளைக்குச் சொல்லும் புதிது, விஷயமும் புதிது. இதனால்தான் "வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம் என்கிறேன். ஒரு மொழியில் நன்றாகப் படித்த அறிவு மற்ற மொழிக்குக் கடந்து வரும் என்பதும் கம்மின்ஸ் பல காலமாக எழுதிவந்த விஷயம்தான். பெற்றோரின் உடைந்த ஆங்கிலத்தைவிட அவர்களுடைய முழுமையான தமிழ் பிள்ளைக்கு அதிகம் கொடுக்கும். பல கல்விச்சபைகள் வார இறுதியில் தமிழ் வகுப்பும் நடத்துகின்றன. உயர்நிலைப் பள்ளியில் தமிழுக்குக் கிரடிட்டும் எடுக்கலாம். பிந்தி வந்த பிள்ளைக்கு அது நல்ல புள்ளி கிடைக்கும் ஒரு கிரடிட்.

வாசிப்புக்கு ரொறன்ரோ பொது நூலகம் இருக்கிறது. 100 கிளைகள், அட்டை இலவசம். ஸ்காபரோப் பக்கக் கிளைகளில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. பிள்ளை படம் போட்ட கதைப் புத்தகங்களை எடுத்தால் தடுக்காதீர்கள். 13 வயதுப் பிள்ளைக்கு 7 வயதுப் பிள்ளையின் கதையைக் கொடுத்தால் வெட்கப்பட்டு வாசிப்பையே விட்டுவிடும். படக்கதை வயதுக்கேற்ற விஷயத்தை எளிய மொழியில் தருகிறது.

ஆசிரியரைச் சந்திக்கும் நாள்

வருடத்தில் சில தடவை பெற்றோர் சந்திப்பு வைப்பார்கள். அங்கே அடிக்கடி நடப்பது இது. ஆசிரியர் இரண்டு நிமிடம் பேசுகிறார்: வீட்டுவேலை வரவில்லை, வாசிப்பு வகுப்பு மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, மதிய நேர உதவி வகுப்புக்கு வரச் சொன்னேன், வரவில்லை. பக்கத்தில் நிற்கும் பிள்ளை அம்மாவிடம் திரும்பி, "நல்லாத்தான் செய்யிறனாம், இன்னும் கொஞ்சம் வாசிக்கட்டாம்" என்கிறது. அம்மா சிரித்துத் தலையாட்டுகிறார். பெற்றோருக்கு விளங்கிவிட்டது என்று ஆசிரியரும் நினைத்துக்கொள்கிறார்.

பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். சந்திப்புக்கு ஒரு வாரம் முன்பே அலுவலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பெரிய கல்விச்சபைகளில் ஒழுங்கு செய்து தருவார்கள். பல பள்ளிக்கூடங்களுக்குப் புதிய குடியேறிகளுக்கென்றே குடியேற்றச் சேவைப் பணியாளர் வருவார். ஆங்கிலத்தில் சுவிஸ் (SWIS) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தமிழ் பேசுபவர் கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டாலும் அவர் வழி காட்டுவார்.

ரிப்போட் கார்ட்டில் பார்க்க வேண்டியது: 70 முதல் 79 வரை மூன்றாம் நிலை, அதுதான் மாகாணத்தின் தரம். 80க்கு மேல் நாலாம் நிலை. சின்ன வகுப்புகளில் புள்ளிக்குப் பதில் எழுத்து இருக்கும். ஒரு பாடத்துக்குப் பக்கத்தில் இ.எஸ்.எல். என்று அடையாளம் போட்டிருந்தால், பிள்ளையின் மொழி நிலைக்கேற்ப எதிர்பார்ப்பை மாற்றி அந்தப் புள்ளியைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த அடையாளத்தோடு வரும் 80ஐயும் அடையாளம் இல்லாத 80ஐயும் ஒன்றாக நினைக்காதீர்கள். ஆசிரியரிடம் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் என் பிள்ளையின் வாசிப்பும் எழுத்தும் எந்த வகுப்பு மட்டத்தில் இருக்கிறது?"

உயர்நிலைப் பள்ளி: பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

உயர்நிலைப் பள்ளியை முடித்துப் பெறும் டிப்ளோமாவுக்கு 30 கிரடிட், 40 மணி நேரச் சமூகத் தொண்டு, 10ஆம் வகுப்பில் எழுத்தறிவுப் பரீட்சை. பிந்தி வந்த மாணவருக்கு எத்தனை மணி நேரத் தொண்டு என்பதை அதிபர் தீர்மானிப்பார். எழுத்தறிவுப் பரீட்சையை ஆங்கிலம் கற்கும் மாணவர் தள்ளிப்போடலாம், கூடுதல் நேரமும் கேட்கலாம்; சித்தியடையாவிட்டால் அதற்கு ஈடான பாடம் ஒன்றும் இருக்கிறது. இவற்றுக்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

தூக்கத்தைத் தொலைக்க வேண்டிய இடம் பாடத் தெரிவு. முன்பெல்லாம் 9ஆம் வகுப்பிலேயே பிள்ளைகளை இரண்டு தடமாகப் பிரித்துவிடுவார்கள். ஆங்கிலம் வராத எத்தனையோ நல்ல பிள்ளைகள் அப்போதே இலகுவான தடத்துக்குப் போய், பல்கலைக்கழகக் கதவை 14 வயதில் இழந்தார்கள். 2021இல் 9ஆம் வகுப்புக் கணிதத்திலும் 2022இல் மற்றப் பாடங்களிலும் இந்தப் பிரிவினையை எடுத்துவிட்டார்கள். ஆனால் 10ஆம் வகுப்பில் அக்கடமிக் (பல்கலைக்கழகப் பாதைக்கானது), அப்ளைட் (இலகுவானது, செயல்முறை சார்ந்தது) என்ற பிரிவு இன்னும் இருக்கிறது. 11, 12இல் பல்கலைக்கழகத்துக்கான பாடம், கல்லூரிக்கான பாடம், இரண்டுக்கும் பொதுவான பாடம், வேலைக்கான பாடம் என்று பிரியும்.

பிள்ளை பொறியியல் படிக்க விரும்புகிறது என்று வையுங்கள். 12ஆம் வகுப்பில் கல்குலஸ் (நுண்கணிதம்) வேண்டும். அதற்கு 12ஆம் வகுப்பு அட்வான்ஸ்ட் பங்ஷன்ஸ் என்ற கணிதப் பாடம் வேண்டும். அதற்கு வழக்கமான வழி 11ஆம் வகுப்புப் பல்கலைக்கழகத் தடத்துப் பங்ஷன்ஸ். அதற்கு 10ஆம் வகுப்பு அக்கடமிக் கணிதம். ஆக, 10ஆம் வகுப்பில் "ஆங்கிலம் கஷ்டம், அப்ளைட் எடு" என்று யாராவது நல்ல மனதோடு சொல்லும் ஒரு சொல், மூன்று வருடம் கழித்து பொறியியலைத் தடுக்கும். பிறகு கோடை வகுப்பில் திரும்பப் படித்துச் சரிசெய்யலாம்தான், ஆனால் சில வேளை ஒரு வருடம் போய்விடும்.

எனவே 9ஆம் வகுப்பின் நடுவிலேயே, பாடத் தெரிவுக்கு ஆலோசனை சொல்லும் கைடன்ஸ் ஆசிரியரிடம் நேரம் கேட்டுப் போங்கள். பிள்ளை விரும்பும் இரண்டு மூன்று துறைகளின் பெயரை எழுதிக்கொண்டு போய், "இவற்றுக்கு 12ஆம் வகுப்பில் என்ன பாடம் வேண்டும், அதற்கு அடுத்த வருடம் எதை எடுக்க வேண்டும்?" என்று கேட்டு, நான்கு வருடத் திட்டத்தைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஆங்கிலப் பாதையையும் அதே தாளில் போடுங்கள். இ.எஸ்.எல். ஏ முதல் ஈ வரை ஐந்து படிகள். எந்தப் படியில் தொடங்கினால் எப்போது 12ஆம் வகுப்பு ஆங்கிலத்துக்கு வரலாம் என்பதைப் பார்த்து, கோடை வகுப்பு எங்கே தேவை என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

நாலு வருடத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டமில்லை. 16 வயதில் வந்த பிள்ளை ஐந்தாவது வருடம் இருந்து நல்ல புள்ளியோடு போவது, அவசரமாக 65 எடுத்து முடிப்பதைவிட எவ்வளவோ மேல். 18, 19 வயதில் வந்தவர்களும் பகல் நேர உயர்நிலைப் பள்ளியில் சேரலாம். 21 வயதைத் தாண்டினால் கல்விச்சபைகளின் வளர்ந்தோர் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே முன்பு படித்ததையும் வேலை அனுபவத்தையும் மதிப்பிட்டுக் கிரடிட் கொடுப்பார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகமும், தேவையான தகைமை இல்லாத வளர்ந்தோரை உள்ளே கொண்டுவர அக்கடமிக் பிரிட்ஜிங் என்ற திட்டத்தை நடத்துகிறது. ஊபரும் தொழிற்சாலையுமாக வருடங்கள் போனபின் 28 வயதில் இந்த வழியில் நுழைபவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

விண்ணப்பமும் பணமும்

ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரே மையத்தின் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலான துறைகளுக்கு ஜனவரி நடுப்பகுதிதான் முக்கிய நாள். கல்லூரிகளுக்கு வேறு மையம், பெப்ரவரி 1. பல்கலைக்கழகங்கள் பொதுவாக 12ஆம் வகுப்பின் சிறந்த ஆறு பாடங்களைப் பார்க்கும். ஆங்கிலம் அதில் கட்டாயம் இருக்கும். ஆங்கில வழியில் படித்த வருடங்கள் குறைவு என்றால் பல பல்கலைக்கழகங்கள் ஐ.ஈ.எல்.ரி.எஸ். போன்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையும் கேட்கும். எத்தனை வருடம் என்பது இடத்துக்கு இடம் மாறும், 11ஆம் வகுப்பிலேயே பார்த்துவையுங்கள்.

கல்லூரியைச் சிலர் இரண்டாந்தரமாக நினைக்கிறார்கள். அது சரியில்லை. சென்ரெனியல், செனெக்கா போன்ற கல்லூரிகளில் இரண்டு வருடம் படித்து, அந்தக் கிரடிட்டோடு பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழிகள் இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு இன்னும் இரண்டு வருடம் தேவைப்படும் பிள்ளைக்குச் சில வேளை இதுதான் சரியான வழி.

ஓசாப் என்ற மாகாண மாணவர் நிதி உதவி பாதிக் கடன், பாதி மானியம் மாதிரி என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் எவ்வளவு மானியம், எவ்வளவு கடன் என்பது குடும்ப வருமானத்தையும் அந்த வருட விதிகளையும் பொறுத்தது. மானியத்தைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. குடியுரிமை உள்ளவர், நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் விண்ணப்பிக்கலாம். அகதிக் கோரிக்கை முடிவாகாதவருக்குக் கிடைக்காது, கட்டணமும் வெளிநாட்டு மாணவர் அளவில் வரலாம். அந்த நிலையில் இருப்பவர்கள் யோர்க் பல்கலைக்கழகத்தின் சாங்ச்சுவரி ஸ்கொலர்ஸ் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். வதிவிட உரிமை நிச்சயமில்லாத மாணவர்கள் உள்ளூர்க் கட்டணத்தில் படிக்க 2017இல் தொடங்கியது அது. வேறு பல்கலைக்கழகங்களிலும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று அனுமதி அலுவலகத்திடம் நேரே கேளுங்கள். அகதிக் கோரிக்கையை நடத்தும் வழக்கறிஞருக்கும் பிள்ளையின் விண்ணப்ப நாளைச் சொல்லிவையுங்கள்.

பல்கலைக்கழகத்தில் முதல் செப்டெம்பரிலேயே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு வளாகத்திலும் எழுத்து உதவி மையம் இருக்கிறது, மாணவருக்குத் தனியாகக் காசு இல்லை. முதல் கட்டுரைக்கான தலைப்பு கைக்கு வந்த அன்றே அங்கே நேரம் பதிவு செய்யுங்கள். ஒக்டோபர் நடுவில் எல்லோருக்கும் கட்டுரை ஒப்படைக்கும் நாள் ஒன்றாக வரும், அப்போது இடம் கிடைப்பது கஷ்டம்.